சித்தப்பாவின் ஹார்டு டிஸ்க்கும் 349 என்ற எண்ணும்

குடியாத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் சித்தப்பா, 2018 கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள், மஞ்சள் பையும் கையுமாக என் கடை வாசலில் வந்து நின்றார். வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில், கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் வடிவமைத்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. சித்திக்குப் பிறந்த ஊர் இலவம்பாடி. அதனால் சித்தப்பா வந்தாலே பையில் முள்ளுக் கத்திரிக்காய் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. கத்திரிக்காய்க்கு மேலே, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலத் துண்டில் சுற்றி, கறுப்பாக ஒரு பெட்டி. கூடவே அதன் அடாப்டர்.

"தண்ணீர்கூட அப்புறம் குடிக்கிறேன்பா, முதலில் இதைப் பார்" என்றார்.

3 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். 2012இல் வாங்கியது. ஆறு வருடக் கல்யாணங்கள், காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டு விழாக்கள், வருடம் தவறாமல் அவர் படம்பிடிக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா எல்லாம் அதற்குள். இவை போக, 2015இல் காலமான எங்கள் ஆயா, ஆடி மாதம் கூழ் ஊற்றிய நாளில் திண்ணையில் உட்கார்ந்து பேசிய 40 நிமிட வீடியோ. எதற்கும் வேறு பிரதி கிடையாது. "பெட்டியில்தான் பத்திரமாக இருக்கிறதே" என்பது அவர் கணக்கு. வைகாசி முதல் தேதி சிரசு. அதற்குப் பத்தே நாள்தான் இருந்தது.

நடந்தது இதுதான். மின்சாரம் போய் வந்திருக்கிறது. அதன் பிறகு பெட்டியைச் செருகினால் விளக்கு ஒருமுறை மினுக்குகிறது, உள்ளே ஒரு சின்ன உறுமல், 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. மறுபடி மினுக்கல், உறுமல், டிக். பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிற மாதிரி.

எனக்குக் கணினிப் படிப்பு எதுவும் இல்லை. இருபது வருடம் கணினியோடு மல்லுக்கட்டியதில் கிடைத்த அறிவுதான். அந்த அறிவின்படி மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரைச் சோதித்தேன். 12 வோல்ட் என்று மேலே எழுதியிருந்தது, மீட்டர் 12.2 காட்டியது. ஆக, அடாப்டர் சரி. டிக் சத்தம் வருகிறது. ஆக, டிஸ்க்கோ அதன் பெட்டியில் இருக்கும் பலகையோ போய்விட்டது. இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டேன். சோதனை சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. அந்தத் தவறு எங்களுக்கு மூன்று நாளைத் தின்றது.

பெட்டியைப் பிரித்தேன். திருகாணியே கிடையாது, முழுக்கப் பிளாஸ்டிக் கொக்கிகள். காலாவதியான ஏடிஎம் அட்டையை இடுக்கில் செலுத்தி மெல்ல நெம்பிக்கொண்டே போக வேண்டும். இரண்டு கொக்கிகள் முறிந்தன. ஒவ்வொரு முறிவுக்கும் சித்தப்பா "ஐயோ" என்றார். உள்ளே, நான்கு மூலையிலும் ரப்பர் மெத்தை வைத்து, கணினிக்குள் இருக்கும் அதே வகை மூன்றரை அங்குல டிஸ்க். அதன் வாயில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை ஒன்று செருகியிருந்தது. அதன் ஒரு பக்கம் டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பு, மறுபக்கம் யுஎஸ்பி துளையும் மின்சாரத் துளையும். பலகையைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை நேராக என் கடைக் கணினியின் சாட்டா கேபிளில் மாட்டினேன்.

சுழன்றது. டிக் சத்தம் இல்லை, உறுமல் இல்லை, சீரான ரீங்காரம். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

விண்டோஸ் திறந்ததும் ஒரு சின்னச் சாளரம் எழுந்தது: இந்த டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? சித்தப்பா எட்டிப் பார்த்தார். "கேட்கிறதே, ஆமாம் என்று கொடுத்துவிடேன்." ஸ்டுடியோவில் மெமரி கார்டு இப்படிக் கேட்கும்போதெல்லாம் அவர் ஆமாம் என்றுதான் கொடுப்பார். அவருக்கு அது பழக்கம். எனக்கே கை மவுஸின் மேல்தான் இருந்தது.

இந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். அந்தச் சாளரத்துக்கு உண்மையில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இருக்க வேண்டும் என்று தான் நினைத்த இடத்தில் தனக்குப் புரியும் எழுத்து இல்லை. டிஸ்க் காலி என்பது அதற்குத் தெரியாது, கெட்டுவிட்டது என்பதும் தெரியாது. மேலோட்டமான விரைவு ஃபார்மட் என்றால்கூடப் பழைய கோப்புப் பட்டியலின் மேல் புதியது எழுதப்படும். முழு ஃபார்மட் என்றால், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடும். பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கும்போது சில நேரம் வேறொரு கேள்வி வரும், டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்யலாமா என்று. அதற்கும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். டிஸ்க்கில் எதையும் எழுதாத வரை, என்ன தப்புச் செய்தாலும் பின்வாங்க வழி இருக்கிறது.

கேள்வியை ரத்து செய்துவிட்டு அடுத்த தப்பைச் செய்யக் கிளம்பினேன். கோப்புகளை மீட்கும் மென்பொருள் எனக்குத் தெரியும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை முன்பே ஒரு மெமரி கார்டுக்குப் பயன்படுத்தியிருந்தேன். புதிதாக ஒரு 4 டிபி டிஸ்க் வாங்கி வந்து அதையும் கணினிக்குள் பொருத்தினேன். மீட்பதை அதே டிஸ்க்கில் சேமிக்கக்கூடாது என்ற அளவுக்கு விவரம் இருந்தது. ஓட விட்டேன். இரவு முழுக்க ஓடியது, மறுநாள் பகலிலும் ஓடியது. சித்தப்பா ஊருக்குப் போகவில்லை, என் வீட்டுத் திண்ணையில் கோரைப்பாய் விரித்துப் படுத்து, மணிக்கொருதரம் "எத்தனை சதவீதம்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை. எந்தக் கல்யாணம் யாருடையது என்று பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேரணாம்பட்டுப் பெண்ணும் பள்ளிகொண்டா மாப்பிள்ளையும் அடுத்தடுத்து வந்தார்கள். வீடியோக்களின் நிலைமை இன்னும் மோசம். பெரிய வீடியோ கோப்பு டிஸ்க்கில் துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பு கோப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலைப் பார்க்காமல் தொடக்கத்தை மட்டும் அடையாளம் கண்டு அள்ளினால், முகூர்த்தம் நடந்துகொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிடும். அல்லது ஓடவே ஓடாது. ஆயா வீடியோ கிடைக்கவில்லை. சித்தப்பா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் அந்த வீணான ஒன்றரை நாளில் ஒரு முக்கியமான தடயம் இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. மறுநாள் தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது.

எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து டிஸ்க்கைப் பிரித்ததும் காலியாகத் தெரிவதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று, சில பெட்டிகளின் பலகை எழுதுகிற எல்லாவற்றையும் தானே மறையெழுத்தாக மாற்றி எழுதும். நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் மாற்றும். அந்தப் பலகை இல்லாமல் டிஸ்க்கைப் படித்தால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வெறும் குப்பைதான் தெரியும். எந்த மீட்பு மென்பொருளும் ஒரு படத்தைக்கூட எடுக்காது. எனக்கோ அறுபதாயிரம் படங்கள் பழுதில்லாமல் கிடைத்திருந்தன. அப்படியென்றால் மறையெழுத்து இல்லை. எல்லாம் வெளிச்சத்திலேயே கிடக்கிறது. மிச்சம் இரண்டாவது காரணம்தான்: கணினி தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டை மறுபடி திறந்தேன். இந்த முறை நிதானமாக எண்களைப் படித்தேன். 3 டிபி டிஸ்க்கை விண்டோஸ் தன் கணக்கில் 2794 ஜிபி என்று காட்டும். அது சரியாகவே இருந்தது. ஆனால் அதில் இருந்த ஒரே பார்ட்டிஷனின், அதாவது கோப்புகளுக்கு ஒதுக்கிய பகுதியின், அளவு 349 ஜிபி சொச்சம். மீதி எல்லாம் ஒதுக்கப்படாத இடம். சித்தப்பாவிடம் கேட்டேன்: "இதை இரண்டு பகுதியாகப் பிரித்தீர்களா?" "பிரிக்கவெல்லாம் எனக்குத் தெரியாதுபா, வாங்கியபடியே வைத்திருந்தேன்."

349 எங்கிருந்து வந்தது? பத்திரிகை அச்சடிக்கக் காகிதக் கணக்குப் போடுகிற சீட்டில் 2794ஐ 349ஆல் வகுத்தேன். 8.

இந்த எட்டுதான் கதை. டிஸ்க் தன் இடத்தை செக்டார் என்ற சிறு அறைகளாக எண்ணி வைத்திருக்கிறது. கணினியோடு நேராகப் பேசும்போது பெரும்பாலான டிஸ்க்குகள் ஓர் அறைக்கு 512 பைட்டு என்று கணக்குச் சொல்லும். பார்ட்டிஷன் எந்த அறையில் தொடங்குகிறது என்று குறித்து வைக்கும் பழைய பாணி அட்டவணையில் அறை எண்ணை எழுத 32 பிட் இடம்தான் உண்டு. 512 பைட்டு அறையாக எண்ணினால் சுமார் 2.2 டிபி வரைதான் எட்டும். அந்தக் காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் பல வீடுகளில் இருந்தது. அதன் வழக்கமான 32 பிட் பதிப்புக்குப் புதிய பாணி அட்டவணை புரியாது. 3 டிபி பெட்டியை எக்ஸ்பிகாரர்களுக்கும் விற்க வேண்டுமே! பெட்டி செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பச்சைப் பலகை எட்டு அறைகளைச் சேர்த்து ஒரே அறையாக, 4096 பைட்டு என்று கணினியிடம் சொல்லும். அறை பெரிதானால் எண்ணிக்கை குறையும். பழைய அட்டவணையே போதும்.

எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பள்ளியில் பழைய வாய்பாடு படித்திருப்போம். கணக்குப்பிள்ளை நோட்டில் எல்லாவற்றையும் மரக்காலில் எழுதி வைத்திருக்கிறார். அலகை மட்டும் எழுதவில்லை. அவர் போன பிறகு புதிதாக வந்தவர் அதே நோட்டைப் படிக் கணக்காகப் படிக்கிறார். களத்தில் நெல் அப்படியே இருக்கிறது, கணக்கில் எட்டில் ஒரு பங்குதான் தெரிகிறது. அட்டவணையில் பார்ட்டிஷன் 256ஆம் அறையில் தொடங்குகிறது என்று எழுதியிருந்தது. பலகையின் கணக்கில் அது 256 பெருக்கல் 4096, அதாவது 10,48,576ஆவது பைட்டு. என் கணினி போய்ப் பார்த்ததோ 256 பெருக்கல் 512, அதாவது 1,31,072ஆவது பைட்டு. அங்கே ஒன்றும் இல்லை. உடனே ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டுவிட்டது.

ஊகத்தை உறுதி செய்ய, டிஸ்க்கில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும், படிக்க மட்டும் செய்யும் ஒரு ஹெக்ஸ் மென்பொருளில் 10,48,576ஆவது பைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். விண்டோஸ் கோப்பு முறையின் நான்கு ஆங்கில எழுத்துகள், என், டி, எஃப், எஸ், வரிசையாக நின்றன. "என்னப்பா சிரிக்கிறாய்?" என்றார் சித்தப்பா. அவருக்கு மரக்கால் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சிரசு மாதிரிதான். தரணம்பேட்டையிலிருந்து சிரசை மட்டும் ஊரெல்லாம் ஊர்வலமாகக் கொண்டுவரலாம். கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்தினால்தானே அம்மன்? நீ தலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசு பேசு என்றால் எப்படிப் பேசும்?"

ஆக, டிஸ்க்கை மறுபடி அதன் பலகையில் மாட்ட வேண்டும். ஆனால் பலகை போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியவன் நான்தானே.

எதிர்க்கடை இருசக்கர வாகன மெக்கானிக் வழக்கம்போல இலவச ஆலோசனையோடு வந்தார். "வோல்டேஜ் பார்த்தாய் சரி, பல்பு போட்டுப் பார்த்தாயா? எங்கள் பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12 காட்டும், ஹாரன் அடித்தால் படுத்துவிடும்" என்றார். தன் கடையிலிருந்து 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கொண்டுவந்து அடாப்டரின் முனையில் தொட்டுப் பிடித்தார். கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர் சுமைதான். என் கையில் இருந்த மீட்டர் 12.2இலிருந்து சரசரவென இறங்கி 6க்குக் கீழே வந்து துடித்தது. பல்பு மங்கி மங்கி எரிந்தது. அந்த மினுக்கல்தான் பெட்டியின் விளக்கிலும் இருந்தது. அடாப்டரின் மேல் 2 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில்தான் அதிக மின்சாரம் கேட்கும். 12 வோல்ட்டில் ஒன்றரை முதல் இரண்டு ஆம்பியர் வரை போகும். நொண்டி அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாது. டிஸ்க் எழ முயன்று, முடியாமல், ஊசிக்கையை அவசரமாகத் தன் இடத்தில் நிறுத்திக்கொண்டு படுத்துவிடும். நான் கேட்ட டிக் அதுதான். ஊசிமுனை கெட்டுப்போன டிஸ்க்கும் டிக் டிக் என்றுதான் அடிக்கும். நல்ல மின்சாரத்திலும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து எடு, தட்டிப் பார் என்கிற வைத்தியமெல்லாம் வேண்டாம். மின்சாரம் நல்லதா என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் அதைத்தான் கடைசியில் செய்தேன்.

புது அடாப்டர் வாங்க அலைய வேண்டியிருக்கவில்லை. கண்காணிப்புக் கேமராக்களுக்குக் கொடுக்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்; இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். வாங்கும்போது மூன்றைப் பார்த்தேன். முனையின் தடிமன். உள்ளே நேர்மின், வெளியே எதிர்மின் என்று காட்டும் வட்டப் படம் பழையதிலும் புதியதிலும் ஒன்றாக இருக்கிறதா என்பது. ஆம்பியர் பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா என்பது, கூடினால் பரவாயில்லை. வோல்ட் மட்டும் மாறவே கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் நாள் சித்தப்பா என் லேப்டாப் அடாப்டரைக் கையில் எடுத்து, "இது நுழைகிறதுபா" என்று பெட்டியின் துளைக்கு அருகே கொண்டுபோய்விட்டார். அது 19 வோல்ட். டிஸ்க்கின் அடிப்பலகையில் அதிக மின்னழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு எரிகிற பாதுகாப்பு டையோடு இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அது மட்டும் போகும், இல்லாவிட்டால் பலகையே போகும். இப்போதைய டிஸ்க்குகளில் அதே மாடல் பலகையை வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டினாலும் வேலை செய்யாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அடங்கிய சின்னச் சிப்பையும் பழைய பலகையிலிருந்து பெயர்த்து ஒட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் கை வைக்கிற வேலை அல்ல.

டிஸ்க்கைப் பச்சைப் பலகையில் செருகி, புது அடாப்டரைப் போட்டேன். விளக்கு நின்று எரிந்தது. 2.72 டிபி, ஒரே பார்ட்டிஷன், எல்லா ஃபோல்டர்களும் சித்தப்பாவின் எழுத்துப்பிழைகளோடு அப்படியே. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதல்முறையாகத் தண்ணீர் கேட்டார்.

உடனே எதை முதலில் பிரதி எடுப்பது என்று சண்டை. நான் ஆயா வீடியோவை என்றேன். அவர், இன்னும் ஒப்படைக்காத மூன்று கல்யாணங்களை என்றார், முன்பணம் வாங்கியாகிவிட்டதாம். நான் ஆயாவைத்தான் முதலில் இழுத்துப் போட்டேன். சிரசு அடுத்தது. கல்யாணங்கள் மூன்றாவது.

வெளியே 42 டிகிரி. பெட்டியை மூடி ஓட்டியபோது அரை மணியில் டிஸ்க்கின் வெப்பம் 57 டிகிரியைத் தொட்டது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 தான் எல்லை. மூடியைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை ரப்பர் மெத்தையோடு மரப்பலகையில் வைத்து, மேசை விசிறியை நேராகத் திருப்பினேன். 44க்கு இறங்கியது. கோடையில் இந்தப் பக்கத்தில் பெரிய அளவில் பிரதி எடுப்பவர்கள் இரவிலேயே எடுப்பது நல்லது. என் கணினியில் யுஎஸ்பி 2 தான் இருந்தது. நொடிக்கு முப்பது எம்பி சொச்சம்தான் நகர்ந்தது. கிட்டத்தட்ட ஒரு முழு நாள்.

நடுவில் ஒருமுறை நின்றது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். அதில் ஏகப்பட்ட வரிகள் இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளில் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்றால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், 197 என்றால் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, 198 என்றால் சோதனையில் படிக்கவே முடியாதவை. 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள் குற்றம். சித்தப்பாவின் டிஸ்க்கில் 197ஆம் வரியில் 16 இருந்தது. அடம்பிடிக்கிற கோப்பை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் முதலில் எடுத்தேன், பிறகு அதற்குத் திரும்பினேன். கடைசியில் மூன்று கோப்புகள் போயின. மூன்றும் வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடியவை. கல்யாண வீட்டார் கேட்கவே இல்லை.

கோப்பு கோப்பாக எடுக்காமல், டிஸ்க்கையே செக்டார் செக்டாராகப் படியெடுத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. சாதாரணமாக, நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு அதுதான் சரியான வைத்தியம். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ அதற்கென்றே இருக்கிறது. ஆனால் இங்கே அப்படிச் செய்திருந்தால் மரக்கால் கணக்கும் அப்படியே புது டிஸ்க்குக்குப் போயிருக்கும். அதைக் கணினியில் மாட்டியதும் மறுபடி அதே 349, மறுபடி அதே கேள்வி. நல்லவேளை, கை வைக்கும் முன் யோசித்தேன்.

பலகை நிஜமாகவே போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. எல்லாம் பத்திரமான பிறகு, சோதனைக்காக டிஸ்க்கை மறுபடி நேராகக் கணினியில் மாட்டி, பென் டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸை ஓட்டினேன். லினக்ஸில் 'லூப்' என்று ஒரு வசதி இருக்கிறது. உண்மையான டிஸ்க்கின் மேல் ஒரு மாய டிஸ்க்கை விரித்து, "இதன் செக்டார் அளவு 4096 என்று எடுத்துக்கொள், படிக்க மட்டும் செய், எழுதாதே" என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். பச்சைப் பலகை செய்த வேலையை அந்த ஒரு வரி செய்தது. எல்லா ஃபோல்டர்களும் திறந்தன. மறையெழுத்துப் பலகையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அதே வகைப் பலகையைத் தேடி அலைந்திருக்க வேண்டும். அதனால்தான் பிரித்த பெட்டியையும் பலகையையும் நான் யாரையும் தூக்கிப் போட விடுவதில்லை.

இந்தக் கதை பரவி, பிறகு இரண்டு பேர் டிஸ்க்கோடு வந்தார்கள். காட்பாடியில் படிக்கும் ஒரு பையன் கொண்டுவந்தது சட்டைப்பையில் போடும் இரண்டரை அங்குல டிஸ்க். பெட்டியைப் பிரித்தபின் சாட்டா இணைப்பையே காணோம். டிஸ்க்கின் அடிப்பலகையிலேயே யுஎஸ்பி துளையைப் பற்றவைத்திருந்தார்கள். இந்த வகைச் சின்ன டிஸ்க்குகளில் இது சகஜம், பிரிப்பதால் ஒரு லாபமும் இல்லை. துளை ஆடிப்போயிருந்தது, மொபைல் பழுதுபார்ப்பவர் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தார், முடிந்தது.

சத்துவாச்சாரி நண்பர் ஒருவரின் கதை வேறு. பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மலிவாக வாங்கி, வேண்டுமென்றே பிரித்து, கணினிக்குள் மாட்டியிருந்தார். சுழலவே இல்லை, செத்த டிஸ்க்கை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தார். புதிய சாட்டா விதிப்படி, மின் இணைப்பின் மூன்றாவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்க்குகள் அதை 'அணைந்திரு' என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். பழைய பவர் சப்ளைகள் அந்த முனையில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டேட்டா இணைப்புப் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது முனையை, வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பால் மூடினால் போதும். அவர் முதலில் செலோடேப் ஒட்டினார். வேலூர் கோடையில் அதன் பசை உருகி முனையெல்லாம் பிசுபிசுத்தது. துடைத்தெடுக்க ஒரு மாலை ஆயிற்று. இதற்கு மோலக்ஸ் என்ற பழைய நான்கு முனை மின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயரும் விற்கிறார்கள், அதில் 3.3 வோல்ட் வராது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகத்தில் உள்ளுக்குள் ஒயர்கள் ஒட்டிக்கொண்டு தீப்பிடிப்பது உண்டு. ஒயரை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்திய ரகமாகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

சித்தப்பாவின் பெட்டி இப்போது குடியாத்தம் ஸ்டுடியோ அலமாரியில் இருக்கிறது. கொக்கிகள் முறிந்ததால் கோயில் சிவப்புக் கயிற்றால் கட்டியிருக்கிறார். அடாப்டரும் அதே கயிற்றில் தொங்குகிறது, பெட்டியிலும் அடாப்டரிலும் பெயின்டால் '1' என்று எழுதியிருக்கிறார். அந்த வருடச் சிரசு இரண்டு புது டிஸ்க்குகளில் ஏறியது. ஆயாவின் 40 நிமிடத்துக்கு நான்கு பிரதிகள் எடுத்து, ஒன்றை என்னிடம், ஒன்றைச் சென்னையில் அத்தையிடம் கொடுத்து வைத்திருக்கிறார். ஆனால் அவர் அதை இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. கூழ் அண்டாவை இறக்கச் சொல்லி ஆயா அவர் பெயரைக் கூப்பிடுகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்.